மலை முகடா, மணற்கரையா?

உலகத்தில் சில கஷ்டங்கள் சுகவாசிகளுக்கென்றே ஏற்பட்டவை. இரண்டு மாளிகைகளில் எதில் படுத்து உறங்குவது என்னும் கஷ்டம் அவற்றில் ஒன்று. இருபது வருஷமாகச் சரித்திரம் கற்பித்து வரும் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயனுக்கு இப்படிப்பட்ட கஷ்டம் வந்து சேரும் என்று நான் சொப்பனத்திலும் எண்ணியதில்லை. 2025-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில் அது வந்து சேர்ந்தது.

என் தம்பி லண்டனில் வைத்தியத் தொழில் செய்கிறான். ஆறு வருஷமாக அவனால் ஊர்ப்பக்கம் வர இயலவில்லை. அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்ததை முன்னிட்டு, அவளையும் என்னையும் ஆதென்ஸ் நகருக்கு வரவழைத்து, அங்கிருந்து சாண்டோரினித் தீவுக்கு அழைத்துப் போய் ஐந்து நாள் வைத்துக்கொள்வது என்று அவன் தீர்மானித்தான். இரண்டு ஹோட்டல்களின் படங்களை எனக்கு அனுப்பியிருந்தான். இரண்டும் ஐந்து நட்சத்திர அந்தஸ்து உள்ளவை. "அண்ணா, எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. அம்மாவுக்கு மிக உயர்ந்ததையே கொடுக்க ஆசைப்படுகிறேன். ஆனாலும் நீ சொல்வதே முடிவு" என்று எழுதியிருந்தான்.

இந்தத் தீவின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே ஹோட்டல் தேர்ந்தெடுப்பது, ஊர் தெரியாமல் சம்பந்தம் பேசுவதற்கு ஒப்பாகும். ஈஜியன் கடலில் உள்ள இத்தீவுக்குக் கிரேக்கர்கள் வழங்கும் பெயர் தீரா. சுமார் 3,600 வருஷங்களுக்கு முன் இங்கிருந்த எரிமலை பயங்கரமாக வெடித்தது. நடுப்பாகம் அப்படியே உள்ளே சரிந்துவிட, கடல் புகுந்து நிரப்பியது. மிஞ்சியிருப்பது பிறைச் சந்திரன் போன்ற ஒரு விளிம்பு. பிறையின் உட்புறம் மேற்கு நோக்கியது. அங்கே நிலம் ஏறக்குறைய 300 மீட்டர் வரை செங்குத்தாக நிற்கிறது. வெளிப்புறமோ கிழக்கே மெல்லச் சரிந்து, கருமணல் நிறைந்த கடற்கரைகளில் முடிகிறது. ஆகவே இத்தீவில் ஹோட்டல்கள் இரண்டு ஜாதி: மலை முகட்டு ஜாதி, மணற்கரை ஜாதி. தம்பி அனுப்பியவை இவ்விரண்டில் ஒவ்வொன்று.

முதலாவது, தீவின் வட கோடியில் உள்ள ஈயா என்னும் ஊரில் இருக்கிறது. படத்தைப் பார்த்ததும் மூச்சு நின்றுவிடும். பாறையின் நெற்றியில் தூய வெண்மையான குகை அறைகள். ஒவ்வோர் அறைக்கும் முன்னால் ஒரு சிறு குளம். குளத்தின் விளிம்புக்கு அப்பால் வெகு ஆழத்தில் நீலக்கடல். ஒரு நாள் வாடகை, எனக்கு அரசாங்கம் கொடுக்கும் ஒரு மாதச் சம்பளத்தை எட்டிப் பிடிப்பதாக இருந்தது.

அந்தக் குகைகளின் கதை சரித்திர உபாத்தியாயனுக்கு ருசிக்கக் கூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயா, பாய்மரக் கப்பல்களால் செழித்த ஊர். கப்பல் தலைவர்கள் மேலே விசாலமான வீடுகளைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். கல்லும் மரமும் வாங்க வகையற்ற மாலுமிகளும் உழவர்களும் பாறைச் சரிவில் எரிமலை மண்ணைக் குடைந்து, வளைவான கூரை வைத்து, சுண்ணாம்பு பூசிக் குடியிருந்தார்கள். அந்த மண் குடைவதற்கு மெத்தென்று இருக்கும். குடைந்த பின் நிலைத்து நிற்கும். கோடையில் குளிர்ச்சி, குளிரில் வெதுவெதுப்பு. சுண்ணாம்புடன் கலந்தால் கடல் நீருக்குள்ளும் இறுகக்கூடியது அது. 1860-களில் சூயஸ் கால்வாயின் வாயிலில் துறைமுகம் கட்டியபோது, இத்தீவின் மண் கப்பல் கப்பலாக அங்கே போயிற்று. பழைய நாளில் நம் ஊர்ப் பிள்ளைகள் சீமைக்குப் படிக்கச் சென்றது அந்த வழியாகத்தான்.

1956-ஆம் வருஷம் ஜூலை 9-ந் தேதி பெரும் பூகம்பம் ஒன்று தீவை உலுக்கியது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வீடிழந்த பலர் தீவை விட்டே போய்விட்டார்கள். குகைகள் பாழாய்க் கிடந்தன. 1970-களில் அரசாங்கத்தின் சுற்றுலா ஸ்தாபனம் அவற்றில் சிலவற்றைச் செப்பனிட்டு விருந்தினர் தங்க ஏற்பாடு செய்தது. தனியாரும் அவ்வழியைப் பின்பற்றினார்கள். அன்று ஏழை மாலுமி வேறு போக்கிடமின்றிப் படுத்த குகையில், இன்று கோடீசுவரர்கள் பணம் கொடுத்துப் படுக்கிறார்கள். ஆறு என்பதே இல்லாமல், கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் தேக்கிப் பிழைத்த தீவு இது. இப்பொழுது கடல்நீரை உப்பு நீக்கி வாசலுக்கு வாசல் குளம் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஹோட்டல் கிழக்குக் கரையில் காமரி என்னும் ஊரில் உள்ளது. அதன் படத்தைப் பார்த்து யாருக்கும் மூச்சு நிற்காது. தரைமட்டத்தில் அறைகள், சிறிய தோட்டம், தோட்டத்தைத் தாண்டி ஒரு நடைபாதை, அதைத் தாண்டிக் கருமணல், பிறகு கடல். அவ்வளவுதான். வாடகை மேலே சொன்னதில் பாதிக்குச் சற்று அதிகம். குறைகளும் உண்டு. புகழ்பெற்ற பள்ளத்தாக்குக் காட்சி அங்கிருந்து சிறிதும் தெரியாது. விமான நிலையம் அருகில் இருப்பதால் ஆகாய விமானங்களின் சத்தம் கேட்கும். நடுப்பகலில் கருமணல் அடுப்பு போல் காயும்.

நான் உபாத்தியாயன் அல்லவா? ஒரு தாளில் கோடு கிழித்து இரண்டு பக்கமும் மதிப்பெண் போட்டேன். அழகு, சரித்திரம், தனிமை மூன்றிலும் மலை முகடே முந்தி நின்றது. தம்பிக்குச் சம்மதம் எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன். அப்பொழுதுதான் ஒரு சிறு சந்தேகம் உண்டாயிற்று. ஹோட்டலாருக்கே எழுதிக் கேட்டேன்: "வீதியிலிருந்து அறைக்கு எத்தனை படிகள்?"

மிக்க மரியாதையுடன் பதில் வந்தது. ஈயாவின் பிரதான வீதி சலவைக்கல் பாவியது. வண்டிகள் அதனுள் வருவதில்லை. அங்கிருந்து அறைக்குத் தொண்ணூற்றிரண்டு படிகள் இறங்க வேண்டும். காலை ஆகாரத்துக்கு இருபது படிகள் ஏற வேண்டும். "சாமான்களைப் பற்றித் தங்களுக்குக் கவலை வேண்டாம், எங்கள் ஆட்கள் தூக்கி வருவார்கள்" என்றும் எழுதியிருந்தார்கள். சாமான்களைத் தூக்குவார்கள், சரி. சாமான்களுக்கு உடையவளை யார் தூக்குவது?

எங்கள் ஊர் கும்பகோணம். மாதந்தோறும் கிருத்திகைக்குச் சுவாமிமலை செல்வது அம்மாவின் வழக்கம். அறுபது தமிழ் வருஷங்களுக்கு அறுபது படி என்று சொல்லிக்கொண்டே குமரியைப் போல் ஏறுவாள். சென்ற இரண்டு வருஷமாக அவள் ஏறுவதில்லை. அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, "கூட்டமாக இருந்தது" என்பாள். கூட்டமில்லாத நாளிலும் அதையே சொல்லுவாள். முழங்கால் வலியைத் தம்பிக்குச் சொல்லக் கூடாது என்பது எனக்கு இட்ட கட்டளை. தூர தேசத்தில் இருக்கும் பிள்ளை வீணாக மனம் சங்கடப்படுவானாம்.

கட்டளையை நான் மீறினேன். தொலைபேசியில் சுவாமிமலை விஷயத்தைச் சொன்னதும் தம்பி வெகுநேரம் பேசவில்லை. ஊரார் முழங்காலுக்கெல்லாம் மருந்து எழுதுகிறவன் அவன். கடைசியில், "அந்த இடத்தை அவளுக்குக் காட்ட வேண்டுமென்று எவ்வளவு ஆசையாக இருந்தேன், அண்ணா!" என்றான்.

"காட்டத்தான் போகிறோம். அங்கே படுக்கப் போவதில்லை, அவ்வளவுதானே?" என்றேன்.

இன்னொரு காரணமும் கையில் இருந்தது. அவ்வருஷம் பிப்ரவரி மாதத்தில் அத்தீவில் ஆயிரக்கணக்கான நில நடுக்கங்கள் உண்டாயின. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, பதினாயிரம் பேருக்கு மேல் ஊரை விட்டு வெளியேறினார்கள். நீச்சல் குளங்களின் ஜலத்தை வடித்துவிடும்படி அதிகாரிகள் சொன்னார்கள். மலைச்சரிவின் ஓரம் போக வேண்டாமென்றும் எச்சரித்தார்கள். நாங்கள் போன மே மாதத்திற்குள் எல்லாம் அமைதியாகிவிட்டது. ஆயினும், அவசரமாக வெளியேற நேர்ந்தால் தொண்ணூற்றிரண்டு படி ஏற வேண்டியவளைப் பற்றி யோசியாமல் இருக்க முடியுமா? காமரியே முடிவாயிற்று.

முடிவான பிறகு அம்மாவிடம் இரண்டு படங்களையும் காட்டினேன். முதலாவதை வெகுநேரம் பார்த்தாள். "அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது மேற்கு பார்த்த வீடு அல்லவா? சூரியன் உதிப்பதை எங்கிருந்து பார்ப்பது?" என்று கேட்டாள். பட்டதாரியான எனக்கும், வைத்தியனான தம்பிக்கும் இந்தக் கேள்வி தோன்றவேயில்லை. உலகமே அந்த ஊருக்கு அஸ்தமனம் பார்க்கப் போகிறது என்பதால், நாங்களும் அஸ்தமனத்தையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள் மாலை வாடகை மோட்டாரில் ஈயாவுக்குப் போனோம். வீதி தொடங்கும் இடத்தில் இறங்கி, சமதரையாக உள்ள பகுதியில் மட்டும் மெல்ல நடந்தோம். பழைய கோட்டையின் இடிபாட்டில் நம் ஊர் மகாமகத்தை நினைப்பூட்டும் கூட்டம். நாங்கள் அங்கே முட்டி மோதாமல், ஒரு தேவாலயத்தின் முற்றத்துக் கட்டைச் சுவரில் அம்மாவை உட்கார வைத்தோம். சூரியன் கடலில் மூழ்கும் தருணம் எங்களுக்குத் தென்படவில்லை. ஆனால் எதிரே பாறைகள் செம்மையாகி, வெண்சுவர்கள் பொன்னாகிப் பின் ரோஜா நிறமாகி மங்கியதைக் கண்ணாரக் கண்டோம். சற்றுக் கீழே தம்பி ஆசைப்பட்ட ஹோட்டல் தெரிந்தது. இளம் தம்பதிகள் சிலர் படிகளில் சிரித்துக்கொண்டே ஓடி இறங்கினார்கள். அவர்களுக்கு அது மிகப் பொருத்தமான இடம் என்பதில் ஆட்சேபணை இல்லை.

மறுநாள் விடியுமுன் எழுந்து பார்த்தேன். அம்மாவின் படுக்கை காலி. கதவைத் திறந்து, படி ஒன்றும் இறங்காமல், தோட்டத்தைக் கடந்து அவள் தானாகவே கடற்கரைக்குப் போயிருந்தாள். கருமணல் ஜில்லென்று இருந்தது. தூரத்தில் அனாபி என்னும் தீவு நிழல் போல் கிடந்தது. கிழக்கே வானம் வெளுத்து, சூரியன் கடலிலிருந்து எழுந்தது. அம்மா கைகுவித்தாள். அருகே தம்பி உட்கார்ந்திருந்தான். ஆறு வருஷத்துப் பேச்சையும் அவர்கள் அந்த ஐந்து காலைகளில் பேசித் தீர்த்தார்கள். நான் அதிகம் குறுக்கிடவில்லை.

ஆகாரத்திலும் குறையில்லை. அத்தீவில் ஃபாவா என்று மஞ்சள் நிறமான ஒரு பருப்பு விளைகிறது. அதை மசித்து, வெங்காயமும் ஒலிவ எண்ணெயும் சேர்த்துப் பரிமாறுகிறார்கள். "பெருங்காயம் ஒன்றுதான் பாக்கி" என்று தீர்ப்புச் சொல்லி, அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இத்தகைய யாத்திரை போகும் நண்பர்களுக்கு நான் சொல்லக் கூடியது சொற்பமே. படத்தைப் பார்க்குமுன் படிகளை எண்ணுங்கள். ஜன்னல் எந்தத் திசை நோக்குகிறது என்று கேளுங்கள். வாடகைக்கு மேல் வரி உண்டா என்று விசாரியுங்கள். 2025 முதல் கிரேக்க தேசத்து ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் ஏப்ரல் தொடங்கி அக்டோபர் முடிய, அறை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 15 யூரோ வசூலிக்கிறார்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, உடன் வருகிறவர்களுள் யாருடைய கால் மெலிந்ததோ, அவரைக் கொண்டு இடத்தைத் தீர்மானியுங்கள்.

புறப்படும் நாளில் தம்பி அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டே, "அடுத்த கிருத்திகைக்கு இல்லாவிட்டாலும், தை மாதத்தில் ஊருக்கு வந்துவிடுகிறேன். சுவாமிமலைக்குப் போவோம்" என்றான்.

"அங்கே கூட்டமாக இருக்குமேடா" என்றாள் அம்மா.

"இருக்கட்டும். அடிவாரத்திலேயே உன்னோடு நிற்கிறேன்" என்றான் அவன்.

அம்மா என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கட்டளையை மீறிய குற்றத்திற்கு அதற்கு மேல் தண்டனை கிடைக்கவில்லை.