உஷார்! “யார் அவன்?” என்று கேட்பதற்கு முன்னால்…

பின்னேரம் கொழுந்து நிறுக்க மடுவத்தில் வரிசை நிற்கிறது. ஒருத்தி கூடையோடு வந்து சேர்ந்ததும் பேச்சு சட்டென்று அடங்கிப்போகிறது. ராத்திரி எவனோ அவளுடைய வாட்ஸ்அப் புரொபைல் படத்தை எடுத்து, வேறொரு ஆளோடு சேர்த்து ஒட்டி, தோட்டத்துக் குரூப்பில் போட்டுவிட்டான். கொழும்பில் கடையில் நிற்கும் புருஷனுக்கு விடியுமுன்னே போய்விட்டது. அவளுக்குத் தெரிந்ததோ மலையில் பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில். போனில் அவன் கேட்ட முதல் கேள்வி: “யார் அவன்?”

லயத்துக்கு வம்பு புதிதா என்ன? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் இருமினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பீலிக்கரையில் பேசாத பேச்சில்லை. ஆனால் அங்கே “அந்தப் புள்ள அப்படிப்பட்டவ இல்லடி” என்று வாயை அடைக்க ஒரு பாட்டியாவது நிற்பாள். குரூப்பில் அந்தப் பாட்டி இல்லை.

அதைவிட மோசம் வேறொன்று. அட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறது? அப்பா கொழும்பில், அம்மா குவைத்தில், பிள்ளைகள் அம்மாயியிடம். அவர்களுக்குள் மிச்சமிருக்கும் உறவே இமோவில் தெரியும் அந்தக் கால் மணி நேர முகம்தான். அதே போனுக்குள் விஷம் வந்தால், நேரில் பார்த்துச் சந்தேகம் தீர்த்துக்கொள்ள வழியே இல்லை.

பொய் எவ்வளவு தூரம் போகும் என்று நம் நாட்டிலேயே பார்த்தோம். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று வீடியோ சுற்றியது. அது வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் சொல்வதற்குள் கடை நொறுங்கியிருந்தது. சில நாளில் கண்டி திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்க வேண்டி வந்தது. பேஸ்புக் கம்பனி மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். எரிந்த கடைக்கு அதனால் என்ன?

சரி, நாளைக்கு உங்கள் வீட்டுக்கே வந்தால்? காசு கேட்டு மிரட்டினால் முதலில் காசு கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் அவன் திரும்பி வருவான். அவமானத்தில் எல்லாவற்றையும் அழித்தும் விடாதீர்கள். நம்பர், நேரம், குரூப் பெயர் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் 1929க்குப் போன் எடுங்கள், பெண்களுக்கு 1938. போலிக் கணக்கு, கணக்குத் திருட்டு என்றால் 101. மனசு தாங்காமல் தப்பான யோசனை வந்தால் அந்த நிமிஷமே 1926. 2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு, பேச்சுரிமையை நெரிக்கக் கூடியது. ஆனாலும் ஒருவரின் தனிப்பட்ட விஷயத்தைப் போட்டுத் துன்புறுத்துவது அதில் குற்றம். பொலிசில் அதைச் சொல்லலாம்.

இப்படி வராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ரிப்பேருக்குப் போனைக் கொடுக்கும்போது லொக்கைத் திறந்து கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பார்த்து ஓடாதீர்கள். கூடவே நில்லுங்கள். வாட்ஸ்அப்புக்கு வரும் 6 இலக்கக் கோட்டை யார் கேட்டாலும், மாமா நம்பரிலிருந்தே கேட்டாலும், கொடுக்க வேண்டாம். மாமாவின் கணக்கையே எவனாவது பிடித்திருப்பான்.

வெளியூரில் இருக்கும் அண்ணன்மாரே, அடுத்த தடவை இப்படி ஒரு படம் வந்தால் வீட்டுக்குப் போன் எடுக்காதீர்கள். அனுப்பினவனுக்கு எடுங்கள். “உனக்கு யாருடா அனுப்புனது?” என்று கேளுங்கள். அவன் சொல்கிற ஆளையும் அதையே கேளுங்கள்.