எங்கே எழுதி வைப்பது?

நீலசந்திராவில் குடியிருந்துகொண்டு பெங்களூரு ஏரிகளைப் பற்றிக் குறிப்பெடுப்பவருக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா மைதானம். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாகிவிட்டது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அசோக் நகர் கால்பந்து மைதானம். அதுவும் சூளே ஏரியின் படுகைதான். இவற்றை எந்தத் தலைப்பில் எழுதி வைப்பது? ஏரியிலா, விளையாட்டிலா, பேருந்திலா?

குயர் நோட்டுக் காலத்தில் ஏதோ ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, ஓரத்தில் ‘பக்கம் 83 பார்க்க’ என்று கிறுக்கி வைப்போம். 83-ஆம் பக்கத்திலிருந்து திரும்பி வர வழி எழுதியிருக்க மாட்டோம். அடுத்த நோட்டு வாங்கியதும் அது எந்த நோட்டின் 83 என்பதும் மறந்துபோகும்.

இதே தலைவலியை நூலக அளவில் சுமந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துண்டுகள் அவையேதான், மாற்றி மாட்டினால் வேறு வேறு பொம்மை. நூலின் பொருளையும் இப்படிக் கழற்றி மாட்டலாமே என்ற யோசனை 1933-இல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. நூல் அலமாரியில் ஓரிடத்தில்தான் நிற்கும். ஆனால் அதன் ஓர் இயல் வேறொன்றைப் பேசினால், அந்தப் பொருளின் கீழும் ஓர் அட்டை போட்டு வாசகரை இங்கே அனுப்ப வேண்டும் என்பது அவர் கட்சி. 1962-இல் அவர் பெங்களூரில் தொடங்கிய ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையம் இன்றும் மைசூர் சாலையில், இந்தியப் புள்ளியியல் நிறுவன வளாகத்தில் இயங்குகிறது. 1972-இல் அவர் மறைந்ததும் இதே ஊரில்தான்.

ஜெர்மனியில் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் தன் சொந்த உபயோகத்துக்கே ஏறத்தாழ 90,000 அட்டைகள் எழுதி, ஒன்றுக்கொன்று எண் போட்டுக் கோத்து வைத்திருந்தார். அட்டை முறையின் கஷ்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்: ஒரு தலைப்பை மாற்றினால் அதைச் சுட்டும் அட்டைகளையெல்லாம் தேடிப் பிடித்துக் கையால் திருத்த வேண்டும்.

இன்று அந்த வேலை ஒரு கட்டளையில் முடிகிறது. ஒரு ஃபோல்டர், அதில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள். ‘சம்பங்கி ஏரி’ என்பதை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அது இணைப்பு. ஏரியின் குறிப்பைத் திறந்தால், அதைச் சுட்டும் மைதானத்தின் குறிப்பு தானாகவே பேக்லிங்க்காக வந்து நிற்கும். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-இல் ஈமேக்ஸ் எடிட்டருக்காக எழுதிய ஆர்க் மோட், விம் எடிட்டருக்கு விம்விக்கி, 2020-இல் வந்த அப்சிடியன் என்று கருவிகளுக்குக் குறைவில்லை. கருவி நாளை மறைந்தாலும் ஃபைல் நம்முடையது, எந்த எடிட்டரிலும் திறக்கும். எனக்கு இதில் பெரிய லாபமாகப் படுவது இதுவே. குறிப்புகளின் இணைப்புகளைப் புள்ளியும் கோடுமாக விரித்துக் காட்டும் வரைபடம் நண்பர்களிடம் காட்டத்தான் லாயக்கு.

தமிழில் எழுதுபவருக்கு மட்டும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. டெர்மினலில் திறந்தால் பல சமயம் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். ஈமேக்ஸின் தனிச் சாளரத்தில் அந்தத் தொல்லை குறைவு. தேடுவதில்தான் உண்மையான வம்பு. ‘குளம்’ என்று தேடினால் ‘குளத்தில்’ அகப்படாது. சரி, ‘குள’ என்று தேடினால் குளிரும் குளியலும் கூடவே வந்துவிடும். யூனிகோடில் ‘ளி’ என்பது ‘ள’வும் அதன் பின்னால் ஒரு கொக்கியும்தானே. அதனால் இணைப்புக்கு உள்ளே ‘குளம்’ என்ற நிலையான பெயரும் வெளியே ‘குளத்தில்’ என்ற உருவும் வைத்து எழுத வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும் நண்பர்களுக்கு இந்தப் பாடு அவ்வளவாக இல்லை.

ஆக, எங்கே வைப்பது என்ற கேள்வி ஒழிந்தது. என்ன பெயர் வைப்பது என்பது அப்படியே நிற்கிறது. ரங்கநாதன் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியதும் இதனோடுதான். ஃபைல் தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்ளாது. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் எந்த ஆப் நல்லது என்று அலைவதைவிட்டு, கையிலுள்ள எடிட்டரிலேயே பத்துக் குறிப்பு எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் கழித்தும் நினைவுக்கு வரும்படியான ஒரு தலைப்பை வைத்துப் பாருங்கள்.