உஷார்! பளபளக்கும் பழைய காரைப் பார்த்து மயங்கிடாதீங்க

"எல்லாமே ஒரிஜினல் பார்ட்ஸ் சார்" என்று சொல்லி யாராவது பழைய காரை விற்க வந்தால், அட்வான்ஸ் பணத்தை வெளியில் எடுக்காதீங்க. முதலில் குனிந்து அடியில் பாருங்க!

எனக்குத் தெரிந்த ஒருவர் 1960-களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினார். புது பெயிண்ட், புது சீட், மின்னும் பம்பர். பேரம்கூடப் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் வயதான மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்தார். ஹெரால்டில் மட்கார்டோடு சேர்ந்து மூக்குப் பகுதி மொத்தமும் முன்பக்கம் சாயும். சேஸிஸ் கண்ணெதிரே தெரியும். துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்து, மேலே கறுப்பு பெயிண்ட் பூசியிருந்தார்கள். அந்த வெல்டிங் நெடுஞ்சாலையில் விட்டிருந்தால்? வண்டிக்குள் குழந்தைகளும் இருந்திருந்தால்?

அதோடு முடியவில்லை. எஞ்சின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த நம்பரும் வேறு வேறு!

இது சின்ன விஷயம் இல்லீங்க. 50 வயது தாண்டிய சொந்த உபயோக வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதி கிடையாது. நம்பர் ஒத்துப்போகாத வண்டியைப் போலீஸ் நிறுத்தினால், பதில் சொல்ல வேண்டியது விற்றவர் இல்லை, நீங்க!

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துட்டுப் போங்க. கதவின் அடிப்பக்கம், சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, இங்கெல்லாம் வைத்துப் பாருங்க. இரும்பு பாடியில் ஒட்டாமல் நழுவினால் உள்ளே பட்டி கனமாகப் பூசியிருக்கிறார்கள். சேஸிஸ் நம்பரைச் சுற்றி அரம் தேய்த்த கோடு இருக்கிறதா? எழுத்து ஒன்று சாய்ந்து, ஒன்று ஆழமாக இருக்கிறதா? பழைய தகட்டில் புது ரிவெட்டா? அங்கேயே நின்னுடுங்க!

அந்தக் கால லூகாஸ் டைனமோ, டிஸ்ட்ரிப்யூட்டரின் உடம்பிலேயே பாகத்தின் எண்ணும் தயாரான காலமும் பொறித்திருப்பார்கள். 1965 வண்டியில் 72 என்று இருந்தால் அது பிறகு மாட்டியது. பாலிஷ் போட்டு அந்த எழுத்தையே அழித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்க.

டயர், ஹோஸ், பிரேக் ரப்பர் எல்லாம் புதுசாக இருந்தால் பயப்படாதீங்க. அவை புதுசாகத்தான் இருக்கணும். உள்ளே அரித்துப்போன பிரேக் சிலிண்டரை வெளியே மட்டும் மெருகேற்றி "ஒரிஜினல்" என்று மாட்டியிருந்தால்தான் ஆபத்து. ஆயில் கசியும். அவசரத்தில் மிதிக்கும்போது பெடல் தரையைத் தொடும். வண்டி நிற்காது!

வண்டியைப் பிரித்து வேலை செய்தபோது எடுத்த போட்டோக்கள், வாங்கிய பாகங்களின் பில் இரண்டையும் கேளுங்க. "அதெல்லாம் எதுக்கு சார்" என்று மழுப்பினால் அந்த வண்டி வேண்டவே வேண்டாம். எழுந்து வந்துடுங்க.