சூரையின் சூடு, மார்லினின் கண்

ஆழ்கடல் மீனுக்காக வெகுதூரம் ஓட வேண்டிய தேவை ஹவாயின் கோனா கரையில் இல்லை. எரிமலைத் தீவு என்பதால் கரையை ஒட்டியே கடல் செங்குத்தாக இறங்குகிறது. துறையை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்திலேயே படகுக்கு அடியில் ஆயிரம் மீட்டர் ஆழம். கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்றை, 4,000 மீட்டரைத் தாண்டிய மௌனா கேயா, மௌனா லோவா மலைகள் மறித்து நிற்பதால் மேற்குக் கரைக் கடல் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

விடிந்ததும் மீன்பிடிப்பவர்கள் கணவாய் போன்ற பொய்யிரைகளை நீண்ட தங்கூசியில் கட்டிப் பின்னால் விட்டு, படகை ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கண்கள் மட்டும் கடற்பறவைகளைத் தேடும். பறவைகள் வட்டமிட்டால் அங்கே சிறுமீன் கூட்டம் உண்டு. அதைத் துரத்தும் மஞ்சள் துடுப்புச் சூரையும் இருக்கலாம். முள் மாட்டியதும் சூரை நேரே ஆழத்துக்குப் பாயும். நீண்ட அலகுள்ள மார்லின் மீனோ நீரைக் கிழித்துக்கொண்டு துள்ளும்.

சூரையின் வலுவுக்கு ரகசியம் சூடு. பெரும்பாலான மீன்களின் உடல், சுற்றியுள்ள நீரின் வெப்பத்திலேயே இருக்கும். சூரை அப்படியல்ல என்று 1835இல் எழுதியவர் ஜான் டேவி. வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் தம்பி, இலங்கையில் ராணுவ மருத்துவராக இருந்தவர். அவர் அளந்த மீனின் உடல் கடல்நீரைவிட ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடாக இருந்தது. தசையில் பிறக்கும் சூடு ரத்தத்தோடு செவுளுக்குப் போனால் கடலோடு போய்விடும். சூரையின் உடலில் போகும் நாளங்களும் வரும் நாளங்களும் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. வெளியேறும் சூடான ரத்தம், உள்ளே வரும் குளிர்ந்த ரத்தத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டே செல்கிறது. சூடான தசை விரைந்து சுருங்கும்.

மார்லினோ மூளையையும் கண்ணையும் மட்டும் சூடாக வைத்துக்கொள்கிறது. கண்ணை அசைக்கும் தசை ஒன்றின் ஒரு பகுதி, சுருங்கும் வேலையையே விட்டுவிட்டுச் சூட்டடுப்பாக மாறியிருக்கிறது. குளிர்ந்த ஆழத்திலும் அதன் பார்வை மந்தமாவதில்லை. மீன்களின் உடலமைப்பில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்தச் சிறு தசைதான்.

வலு தரும் சூடே தூண்டிலில் மாட்டிய சூரைக்குப் பகையாகிறது. போராட்டம் நீள நீள உடல் சூடேறுகிறது, தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அப்படிக் களைத்த மீனின் சதை சிவப்பு மங்கி வெளிறிப் போவதுண்டு. ஆகவே பிடித்த உடனே ரத்தம் வடியவிட்டுப் பனிக்கட்டியில் புதைக்கிறார்கள்.

நீல மார்லினில் ஆண் 150 கிலோவைத் தாண்டுவது அரிது. 450 கிலோவுக்கு மேல் எடையுள்ள மீன் என்றால் அது பெண்தான். முட்டையிடும் அந்தத் தாய்மீனைக் கொக்கியில் தொங்கவிட்டுப் படம் எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உயிரோடு விடுவதே சரி; அதற்கும் முறை உண்டு. மார்லின் வாயைத் திறந்து முன்னே நீந்தினால்தான் செவுளில் நீர் ஓடும், மூச்சு கிடைக்கும். எனவே மீனை மேலே தூக்காமல், நீரிலேயே அலகைப் பிடித்தபடி படகை மெல்ல நகர்த்துகிறார்கள். இரை கட்டிப் பிடிக்கும்போது வட்ட முள்ளைப் பயன்படுத்தினால், தொண்டைக்குள் இறங்காமல் பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டும்.

இப்படி விடுவதால் பயனுண்டா என்று ஐயப்படுவோருக்கு ஒரு மீனைச் சொல்லலாம். அமெரிக்காவின் டெலாவேர் கரைக்கு அப்பால் அடையாளம் குத்தி விடப்பட்ட நீல மார்லின் ஒன்று, பின்னர் இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸ் அருகே பிடிபட்டது.