யாழ். பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளைகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும்

வெட்டுப்புள்ளிகள் வெளியான நாளிலிருந்து எனது கைத்தொலைபேசிக்கு ஓய்வில்லை. புத்தளம், கற்பிட்டி, மன்னார், மூதூர், கல்முனை என்று பல ஊர்களிலிருந்தும் அழைக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: "டீச்சர், மகளுக்கு யாழ்ப்பாணம்தான் கிடைச்சிருக்கு. அனுப்பலாமா?"

நான் பல்கலைக்கழகத்தில் படித்தவள் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, பல வருடங்கள் வெளியூரில் கற்பித்துவிட்டு, இப்போது நல்லூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பாடசாலைக்குப் போய்வருகிறேன். பல்கலைக்கழகம் அமைந்திருக்கும் திருநெல்வேலி, நல்லூர் பிரதேச செயலாளர் பிரிவுக்குள்தான் வருகிறது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று வீடுகளில் மாணவிகள் வாடகைக்கு இருக்கிறார்கள். என்னிடம் படித்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் முதல் வருடத்தில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "ஏன் எங்கட பிள்ளைக்கு யாழ்ப்பாணம் போட்டாங்க?" என்று சிலர் கோபமாகவே கேட்கிறார்கள். யாரும் வேண்டுமென்று போடுவதில்லை. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கை திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அதன்பின் இசட் புள்ளியும், விண்ணப்பத்தில் பிள்ளை கொடுத்த விருப்ப ஒழுங்குமே எந்தப் பல்கலைக்கழகம் என்பதைத் தீர்மானிக்கின்றன. விண்ணப்பத்தைத் தொடர்பாடல் நிலையத்தில் இருப்பவரிடம் கொடுத்து, "நீங்களே பார்த்து நிரப்புங்க" என்று சொல்லிவிட்டு வருபவர்கள் இன்னமும் எம்மிடையே இருக்கிறார்கள். அதைப் பற்றி வேறொரு நாள் எழுத வேண்டும்.

இன்னொன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று கடிதத்தில் இருந்தால் யாழ்ப்பாணத்தில்தான் படிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். கலை, விஞ்ஞானம், முகாமைத்துவ வணிக கற்கைகள் பீடங்கள் திருநெல்வேலி வளாகத்தில் உள்ளன. மருத்துவ பீடம் அருகே ஆடியபாதம் வீதியில் இருக்கிறது. ஆனால் பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் ஆகிய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. இங்கிருந்து 60 கிலோமீற்றருக்கும் மேல். நல்லூரில் அறை பார்த்து முற்பணமும் கொடுத்த பிறகு இது தெரியவந்த ஒரு வாப்பாவை எனக்குத் தெரியும். முன்பு வவுனியா வளாகமாக இருந்தது 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். அனுப்பலாமா?

சென்ற வருடங்களில் ஒன்றில் புத்தளத்திலிருந்து ஒரு தாய் பேசினார். சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு எல்லோரையும் வரச் சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு புலிகள் கட்டளையிட்ட அன்று அவருக்குப் பதினான்கு வயது. எனக்கு ஒன்பது. உடுத்த உடுப்போடு நடந்தவர்களில் நாங்கள் இருவரும் இருந்தோம். ஒருவரையொருவர் அப்போது தெரியாது. "எங்களை வேணாம் எண்டு அனுப்பின ஊருக்கு எப்படி டீச்சர் பொட்டைப் புள்ளையைத் தனியா அனுப்புறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அது புள்ளிவிபரம் காட்டிச் சமாதானம் சொல்லக்கூடிய பயம் அல்ல.

மறுநாள் நானே அழைத்துப் பேசினேன். அந்தக் கட்டளையைப் பிறப்பித்தவர்கள் இன்று இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அன்று அழுதவர்கள், சிலர் பேசாமல் இருந்தவர்கள். உங்கள் மகள் தங்கப்போவது அவர்களது பிள்ளைகளின் வீடுகளில்தான். அவள் 1990ஐச் சுமந்துகொண்டு வகுப்பறைக்குள் போகத் தேவையில்லை; யாராவது கேட்டால் தெரியாதது போல் இருக்கவும் தேவையில்லை. இவ்வளவுதான் சொன்னேன். அனுப்புங்கள் என்று சொல்லவில்லை. பிள்ளை வந்தாள்.

வந்த பிறகு எழும் முதல் கேள்வி தங்குமிடம். பல்கலைக்கழக விடுதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது எமது பெற்றோர் முதலில் நினைப்பது ஐந்து சந்திப் பக்கம் மீளக்குடியேறிய உறவினர் வீடு. எனது அபிப்பிராயம், முதல் வருடத்தில் இது சரிவராது என்பதே. தூரம் மூன்று நான்கு கிலோமீற்றர்தான், சைக்கிளில் இருபது நிமிடம். பிரச்சினை தூரமல்ல. விரிவுரை முடிந்த பின்தான் பல்கலைக்கழகத்தின் பாதி நடக்கிறது. நூலகம், கூட்டாகப் படித்தல், செயன்முறை அறிக்கை எழுதுதல், நட்பு எல்லாம் மாலை நான்கு மணிக்குப் பிறகுதான். மஃரிபுக்கு முன் மாமி வீட்டுக்கு ஓடவேண்டிய பிள்ளை இவை எல்லாவற்றுக்கும் வெளியே நின்றுவிடுகிறாள். திருநெல்வேலி, நல்லூர், கொக்குவில் பக்கம் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அறை எடுங்கள். வெள்ளி, சனி உறவினர் வீட்டுக்குப் போய் வயிறார உண்டு வாருங்கள்.

உணவு விடயத்தில் வெட்கப்படாமல் முதல் நாளே பேசிவிட வேண்டும். நல்லூரைச் சுற்றியுள்ள பல வீடுகள் சைவ வீடுகள். மச்சம் சமைக்கக்கூடாது, கொண்டுவரவும் கூடாது என்பார்கள். அதை அவமதிப்பாக எடுக்க வேண்டாம். அது அவர்களுக்கு, எமக்கு ஹலால் எப்படியோ அப்படி. இரண்டாம் வருட மாணவர் ஒருவர் ஹொட்டலில் வாங்கிய மாட்டிறைச்சிக் கொத்தை அறையில் வைத்துச் சாப்பிட்டு, அடுத்த கிழமையே வேறு அறை தேட வேண்டி வந்தது. வீட்டுக்கார அம்மா கத்தவில்லை. "தம்பி, வேற இடம் பாருங்கோ" என்றார், அவ்வளவுதான். உண்மையில் சைவச் சமையல் எமது பிள்ளைகளுக்கு ஒரு வசதி. ஹலாலா இல்லையா என்ற சந்தேகமே வராது. புட்டும் சாம்பாரும் இரண்டு கிழமையில் பழகிவிடும்.

நோன்பு பற்றியும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதிகாலை நான்கு மணிக்குச் சமையலறையில் சத்தம் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பிள்ளைகள் சொன்னபோது, வீட்டுக்கார அன்ரி, "தண்ணியும் குடிக்கப்படாதோ? பிறகு எப்பிடிப் படிக்கிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். மூன்றாம் நோன்பிலிருந்து அவரே சுடுதண்ணீர்ப் போத்தலை நிரப்பி மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறார். இதைக் கேட்டுவிட்டு எல்லா வீடும் இப்படித்தான் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் சொல்லி வைத்தால் முகம் சுளிப்பு குறையும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி பகிடிவதை. பெற்றோரின் நித்திரையைக் கெடுப்பது இதுதான், அதில் நியாயமும் உண்டு. 1975இல் பேராதனையில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்து முடமானார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட மாணவர் வரப்பிரகாஷ், தாங்க முடியாத உடற்பயிற்சிகள் செய்விக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து மரணமானார். அதற்கு அடுத்த வருடம் வந்ததுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். இதன்படி பகிடிவதை ஒரு குற்றம். இரண்டு வருடம் வரை சிறை. பாலியல் தொந்தரவோ பாரிய காயமோ ஏற்படுத்தினால் பத்து வருடம் வரை. இதை முதல் நாளில் அறியாத பிள்ளைகள்தான் அதிகம். "இது கம்பஸ் சம்பிரதாயம்" என்று சொல்பவருக்கு, இது சிறைக்குப் போகும் விடயம் என்பதும் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாது என்பதே அவரது துணிவு.

இன்று அது வேறு வடிவத்தில் வருகிறது. வளாகத்தில் காலடி வைக்கும் முன்பே வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். இரவு பதினொரு மணிக்குக் குரல் அழைப்பு, பாட்டுப் பாடு, தூஷணம் சொல், இன்னாரோடு பேசாதே, இந்த நிறத்தில்தான் உடு. என்னைக் கூடுதலாக வருத்துவது ஒன்றுண்டு. எமது பிள்ளைகளை எமது பிள்ளைகளே வதைப்பது. "மற்றவங்க கிட்ட இருந்து நாங்க உன்னைக் காப்பாத்துறோம், அதுக்கு நீ எங்கட சொல்லைக் கேக்கணும்" என்று ஒரு பல்கலைக்கழகத்தில் சிரேஷ்ட முஸ்லிம் மாணவர்கள் சிலர் எனது பழைய மாணவன் ஒருவனிடம் சொன்னார்கள். மூன்று கிழமையாக அவன் அவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான், உடுப்புத் தோய்த்தான். நான்காவது கிழமை பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். உம்மாவிடம் "பாடம் கஷ்டம்" என்று மட்டும் சொன்னான். இரண்டு மாதம் கழித்தே உண்மை வந்தது. பதின்மூன்று வருடம் படித்து எடுத்த இடம் அது.

எனவே பெற்றோரே, பிள்ளை "பாடம் கஷ்டம்" என்று முதல் மாதத்திலேயே சொன்னால் பாடத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். யார் அழைக்கிறார்கள், இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், காசு எங்கே போகிறது என்று கேளுங்கள். வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பீடத்திலும் மாணவ ஆலோசகர்களாக விரிவுரையாளர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் பெயரையும் இலக்கத்தையும் பதிவு நாளிலேயே எழுதி எடுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையத்தின் ஊடாக நேரடியாகவும் முறையிடலாம். முறையிட்டால் ஒதுக்கி வைப்பார்கள் என்ற பயம் பொய்யல்ல. சில மாதங்கள் அப்படி நடக்கத்தான் செய்யும். ஆனால் ஒதுக்கப்பட்டவர்கள் பட்டம் பெற்று வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதேவேளை, வழிகாட்டும் சிரேஷ்ட மாணவர்களையும் வதைப்பவர்களையும் ஒன்றாகப் போட்டுவிடக் கூடாது. இங்கே 'குப்பி' என்றொரு நல்ல வழக்கம் இருக்கிறது. குப்பி விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்ததிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். பரீட்சைக்கு முன் பாடம் விளங்கியவர் விளங்காதவர்களை இருத்தி வைத்துக் காசு வாங்காமல் படிப்பிப்பது. தமிழ் மொழியில் உயர்தரம் செய்துவிட்டு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் விஞ்ஞான, மருத்துவ, முகாமைத்துவ மாணவர்களை முதல் வருடத்தில் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்தக் குப்பிதான். அங்கே யார் என்ன சமயம் என்று பார்ப்பதில்லை. எமது மாணவிகள் கூச்சத்தால் போகாமல் இருந்து, பிறகு தனியே குறிப்பைப் பிரதி எடுத்து மனப்பாடம் செய்கிறார்கள். அது உயர்தரத்தோடு முடிந்துபோன முறை.

வரவைப் பற்றிச் சுருக்கமாக. பொதுவாக 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வீட்டில் கலியாணம், கந்தூரி என்று கிழமைக்கொரு தரம் பிள்ளையை ஊருக்கு அழைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். தவறிய பாடத்தைத் திரும்ப எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சாதாரண சித்தி அளவுக்கு மேல் பெறுபேறு கிடைப்பது அரிது. வகுப்புச் சித்தி கனவும் அங்கேயே பாதிக்கப்படும்.

பண விடயம்: 1981இல் தொடங்கிய மஹாபொல நிதியம் தரும் புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நல்ல விடயம். ஆனால் அது பதிவு செய்த மாதத்திலேயே கைக்கு வராது. முதல் நான்கைந்து மாதச் செலவை வீடு பார்க்க வேண்டும் என்று திட்டமிடுங்கள். எமது பள்ளிவாசல் நிர்வாகங்கள் பல்கலைக்கழகம் தெரிவானவர்களை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகின்றன. பொன்னாடைக்குப் பதிலாக அந்த முதல் சில மாத வாடகையை யாருக்கும் தெரியாமல் கொடுத்தால், பிள்ளை அதை மறக்க மாட்டாள்.

ஆண்டுதோறும் ஆடி, ஆவணி காலத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாட்கள் நடைபெறும். ஆலயத்தைச் சுற்றியுள்ள வீதிகள் மூடப்படும், பஸ்கள் வேறு வழியால் போகும், வீட்டுக்கார அம்மாமார் விரதத்தில் இருப்பார்கள். அறை கோயில் சூழலில் என்றால் மாற்று வழி எது என்று முன்பே சைக்கிளில் போய்ப் பார்த்து வையுங்கள். பரீட்சை அந்த நாட்களில் வந்தால் அரை மணித்தியாலம் முன்னதாகவே புறப்படுங்கள்.