மழை வடிந்தபின் யாரைக் கேட்பது?

பெங்களூருக்குக் கடல் இல்லை. ஆனால் கடலில் பாய்ப்பலகை (விண்ட்சர்ஃபிங்) ஓட்டுகிறவர்கள் புயலுக்குப் பிறகு எதற்குப் பயப்படுகிறார்களோ, அது இந்த ஊரில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. அதாவது, மழைநீரோடு கலந்த சாக்கடை.

பாய்ப்பலகை கற்கிறவர் தண்ணீரில் விழுந்து விழுந்துதான் கற்க வேண்டும். அதனால் உலகெங்கும் இவர்களைப் போன்ற கடல் விளையாட்டுக்காரர்கள் நீரின் சுத்தத்தைப் பற்றி மற்றவர்களைவிட உரக்கவே பேசுகிறார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் 1990இல் அலைச்சறுக்கு வீரர்கள் சேர்ந்து சாக்கடைக்கு எதிராக ஒரு சங்கமே தொடங்கினார்கள். கலிபோர்னியாவில் பலத்த மழைக்குப் பின் மூன்று நாள் கடலில் இறங்க வேண்டாம் என்று அரசே அறிவுறுத்துகிறது. நம் நாட்டிலும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடல்நீரைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. குளிப்பதற்கும் நீர் விளையாட்டுக்குமான பிரிவில், 100 மில்லி நீரில் மலக்கழிவுக் கிருமிகள் 100க்கு மேல் இருக்கக்கூடாது. வார இறுதியில் முல்கி, கோவளம் கடற்கரைகளுக்குக் கிளம்பும் பெங்களூர் இளைஞர்கள் இதை நினைவில் வைக்கலாம். மழை பெய்த வாரத்தில் ஆற்று முகத்துவாரத்தை விட்டுத் தள்ளியே இருங்கள். மூன்று நாள் பொறுத்து இறங்குங்கள்.

ஊருக்குள் இருப்பவர்களுக்கு அந்தத் தேர்வு கிடையாது. பெங்களூர் மேட்டில் உட்கார்ந்திருக்கும் நகரம். பெய்த மழை விருஷபாவதி, கோரமங்களா-செல்லகட்டா, ஹெப்பால் என்ற மூன்று பள்ளத்தாக்குகள் வழியே இறங்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்காக வெட்டப்பட்டவைதான் ராஜகாலுவேக்கள். மழைநீருக்கென்று இருந்த அந்தக் கால்வாய்களில் இன்று வெயில் காலத்திலும் தண்ணீர் ஓடுகிறது என்றால், அது எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. மழை வரும்போது அந்தச் சாக்கடைதான் மேலேறித் தெருவுக்கு வருகிறது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கத்துக் குடியிருப்புகளில் படகும் டிராக்டரும் ஓடியபோது, பணக்காரர் வீடுகளிலும் வெள்ளம் என்பதே பெரிய செய்தியானது. அந்த வெள்ளத்தில் என்ன கலந்திருந்தது என்பதை யாரும் அதிகம் பேசவில்லை.

பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் மழைக்குப் பின் பொங்கும் நுரைக்குக் காரணம் தேடிய இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் சொன்னது கவனிக்கத்தக்கது. சோப்புத்தூளில் உள்ள வேதிப்பொருள் ஏரியின் அடிச்சேற்றில் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் சேர்கிறது. பெருமழை வந்து சேற்றைக் கலக்கும்போது மொத்தமும் எழுந்து, மதகில் விழும்போது நுரையாகப் பொங்குகிறது. அந்த நீர் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. இங்கே மழை என்றால் அங்கே நுரை. நுரைக்கு நடுவில்தான் ஓசூர் விவசாயி பாசனம் செய்கிறார். விருஷபாவதியின் கழிவோ அர்க்காவதி வழியாகக் காவிரியில் கலக்கிறது. பெங்களூர் குடிக்கும் தண்ணீரும் காவிரிதான், மேலே எடுத்தது. கீழே இருப்பவர்களுக்கு நாம் என்ன அனுப்புகிறோம் என்பதைத் தண்ணீர்த் தகராறு பேசுகிற இரு மாநிலங்களும் வசதியாக மறந்துவிடுகின்றன.

இனி ஆபத்துகள். முதலாவது, நோய்க்கு முன்னால் வரும் மின்சாரம். 2022 செப்டம்பரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் வெள்ளத்தில் வண்டியோடு தடுமாறி மின்கம்பத்தைப் பிடித்த 23 வயதுப் பெண் இறந்தார். 2025 மே மழையில் பி.டி.எம். லேஅவுட் பகுதியில், அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் புகுந்த நீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது முதியவர் ஒருவரும் சிறுவன் ஒருவனும் மின்சாரம் தாக்கி உயிரிழந்தனர். தண்ணீர் புகுந்த கீழ்த்தளத்தில் மெயின் சுவிட்சை அணைக்காமல் கால் வைக்காதீர்கள். சுவிட்சுப் பலகையே நீருக்குள் இருந்தால் தொடவும் வேண்டாம், 1912க்கு அழைத்துத் தெருவுக்கே மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவே உடலுக்குள் போய்விடும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தசைவலியும் கண்சிவப்பும் வரும். ஒரு மாதம் கழித்தும் வரலாம். அதற்குள் நாம் வெள்ளத்தில் நடந்ததையே மறந்திருப்போம். டாக்டரிடம் "இத்தனை நாளைக்கு முன்னால் சாக்கடைத் தண்ணீரில் நடந்தேன்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் பரிசோதனையின் திசையையே மாற்றும். தடுப்பு மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டுத் தானாக விழுங்க வேண்டாம்.

மூன்றாவது, இந்த ஊருக்கே உரிய ஆபத்து, வீட்டுச் சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. தரைக்குக் கீழே இருப்பதால் வெள்ளம் முதலில் நிரப்புவது அதைத்தான். தெருவில் நீர் ஏறாவிட்டாலும் நிம்மதி இல்லை. குடிநீர் விட்டுவிட்டு வருகிற ஊரில், குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் கசிவு வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படுகிறது. மழைக்குப் பின் வரும் முதல் தண்ணீரில் நிறமோ வாடையோ இருந்தால் சம்புக்குள் விடாதீர்கள். நீர் புகுந்த சம்பைக் காலி செய்து, கழுவி, குளோரின் போட்ட பிறகே மோட்டாரைப் போடுங்கள். அதுவரை குடிக்கும் நீர் கொதித்ததாக இருக்கட்டும். வடிகட்டும் கருவி இருக்கிறதே என்ற தைரியம் சாக்கடைக்குச் செல்லாது.

சரி, யாரைக் கேட்பது? மாசற்ற நீரும் காற்றும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. அதைத் தெருவுக்குக் கொண்டுவருவதுதான் சிரமம். மழை வழக்குகளில் சாட்சியம் இரண்டு நாளில் வடிந்துவிடும் என்பது ஒரு காரணம். ஆகவே தண்ணீர் நிற்கும்போதே தேதி, நேரம் தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள். கழிவுநீரும் குடிநீரும் பற்றிய புகாருக்குக் குடிநீர் வாரியத்தின் 1916. பேசி முடிப்பதோடு விடாமல் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்ததிலிருந்து "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலுக்கு இடம் கூடியிருக்கிறது. கையில் எண் இருந்தால் தட்டிக்கழிப்பது கடினம். மருத்துவமனைச் சீட்டு, மருந்து ரசீது, டேங்கருக்குக் கொடுத்த பணத்தின் ரசீது, எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள்.

பலர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் தனியார் ஆய்வகத்துக்கு ஓடுகிறார்கள். குடிக்கலாமா என்று தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி வழக்கு நிற்க வேண்டுமானால், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி உரிய முறையில் எடுத்த மாதிரிதான் செல்லும். எனவே கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அன்றே எழுத்தில் கொடுத்து, வந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். வராவிட்டால், வராததும் உங்களுக்கு ஆதாரம்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, என் புகார் மீது என்ன செய்தீர்கள் என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

அதிகம் பேர் அறியாத ஓர் இடம் நிரந்தர மக்கள் நீதிமன்றம். குடிநீர், மின்சாரம், துப்புரவு ஆகிய பொதுச் சேவைக் குறைகளுக்கு அங்கே கட்டணமில்லாமல் மனு கொடுக்கலாம். சமரசம் அமையாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லும். சம்பில் சாக்கடை கலந்த தெருக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து போக இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மின்விபத்து என்றால் உச்ச நீதிமன்றத்தின் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு கைகொடுக்கும். மத்தியப் பிரதேசத்தில், மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த கம்பி மீது சைக்கிள் ஏற்றி இறந்தவர் வழக்கு அது. மின்வாரியத்தின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை, இழப்பீடு அவர்கள் பொறுப்பே என்றது நீதிமன்றம்.

பெரிய மாசுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். பெங்களூருக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. மாசை நிறுத்தக் கோரும் மனுவுக்கு ஆறு மாதக் கெடு. நோய், உடைமை, பயிர், கால்நடை இழப்புக்கு நிவாரணம் கேட்க ஐந்து ஆண்டு. ஓசூர் விவசாயிக்கும் இதே கதவு திறந்திருக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2018 டிசம்பரில் பெல்லந்தூர் வழக்கில் இதே தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி, மாநகராட்சிக்கு 25 கோடி அபராதம் விதித்தது. ஏரிகளைச் சீராக்க 500 கோடியைத் தனிக் கணக்கில் போடச் சொன்னது. அதன் பிறகும் நுரை வந்தது. அரசு கட்டும் அபராதம் நம் வரிப்பணம்தான் என்பதால் எந்த அதிகாரிக்கும் வலிப்பதில்லை. தனி மனிதரின் இழப்பீட்டு மனு அப்படியல்ல. எந்த மதகு, எந்த நாள், யார் பொறுப்பு என்று அது பெயர் சொல்லிக் கேட்கிறது. நூறு மனு போனால் கோப்புகள் நகரும் என்பது என் எண்ணம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இலவச உதவிக்கு உரியவர்கள் பட்டியலில், வருமானம் பாராமல், பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். வெள்ளம் என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. அழைக்க வேண்டிய எண் 15100.