'லெஜண்டரி' என்னும் முத்திரை

"என்னிடம் லெஜண்டரி இருக்கிறது, உன்னிடம் என்ன இருக்கிறது?" கைப்பேசியைச் சுற்றி அமர்ந்திருக்கும் பிள்ளைகள் இப்படிப் பேசிக்கொள்வதைத் தாய்மார்கள் செவியுற்றிருக்கலாம். இச்சொல்லின் பொருளை நாமும் அறிந்துகொள்வது நலம். ஏனெனில் அதன் பின்னே கொடுக்கல் வாங்கலும் உண்டு. சில வேளைகளில் குழந்தையின் கண்ணீரும் உண்டு.

ரோப்ளாக்ஸ் தளத்தில் 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது 'அடாப்ட் மீ' என்னும் விளையாட்டு. 2019ஆம் ஆண்டில் அதில் வளர்ப்புப் பிராணிகள் சேர்க்கப்பட்டன. முட்டையை வாங்கிப் பராமரித்தால் அது பொரிந்து பிராணி வெளிவரும். அதைப் பிறரிடமுள்ள பிராணிக்கு மாற்றிக்கொள்ளலாம். காமன், அன்காமன், ரேர், அல்ட்ரா ரேர், லெஜண்டரி என்னும் ஐந்து முத்திரைகளில் ஒன்றை ஒவ்வொரு பிராணியும் தாங்கியிருக்கும். முதலாவது மிகச் சாதாரணம். இறுதியானது மிக அரியது.

முத்திரை சொல்வது

முட்டையிலிருந்து வரும் பிராணிக்கு, அது கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதையே முத்திரை உணர்த்துகிறது. 'கிராக்டு எக்' என்னும் மலிவான முட்டையில் காமன் வர 45 விழுக்காடு வாய்ப்பு. லெஜண்டரி வரவோ ஒன்றரை விழுக்காடுதான். நூறு குழந்தைகள் ஆளுக்கு நூறு முட்டைகள் பொரித்தாலும், ஏறத்தாழ 22 பேர் ஒரு லெஜண்டரியையும் காணமாட்டார்கள். "இத்தனை முறை வரவில்லை, அடுத்தது நிச்சயம் வரும்" என்று பிள்ளை எண்ணுகிறது. முட்டைக்கு நினைவாற்றல் கிடையாது. ஒவ்வொரு முறையும் அதே ஒன்றரை விழுக்காடுதான்.

முத்திரை சொல்லாதது

மாற்றுச் சந்தையில் ஒரு பிராணியின் மதிப்பு என்ன என்பதை முத்திரை சொல்வதில்லை. கிராக்டு முட்டையில் பொரியும் யூனிகார்னும் லெஜண்டரி. 2019ஆம் ஆண்டு ஹாலோவீன் காலத்தில் ஆயிரம் ரோபக்ஸுக்கு விற்கப்பட்டுப் பின்னர் கடையிலிருந்து விலக்கப்பட்ட ஷேடோ டிராகனும் லெஜண்டரி. முத்திரை ஒன்றே, மதிப்போ மலைக்கும் மடுவுக்கும். "லெஜண்டரிக்கு லெஜண்டரி, சரிக்குச் சரி" என்று நயமாகப் பேசி, விவரம் அறியாத சிறுமியிடமிருந்து அரிய பிராணியைப் பெற்றுக்கொள்வது எளிது. "முதலில் நீ கொடு, பிறகு நான் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவோரும் உண்டு. இதனால்தான், ஏமாற்று வழிகளைப் பற்றிய சிறு தேர்வில் தேறி உரிமம் பெற்றவர்களே அல்ட்ரா ரேர், லெஜண்டரி பிராணிகளை மாற்றலாம் என்ற விதியை விளையாட்டை நடத்துவோர் கொண்டுவந்தனர்.

நாம் செய்ய வேண்டியது

விளையாடி ஈட்டும் காசில் முட்டை வாங்குவது ஒன்று; பெற்றோரின் பணத்தில் வாங்குவது வேறு. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் விலை கொடுப்பதை நம் வணிகச் சட்டம் 'கரர்' என்று எச்சரிக்கிறது. பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகள் சிலவற்றை 2018ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையமும் சூதாட்டமெனக் கண்டது.

ஆகவே பெற்றோரே, கைப்பேசியைப் பறிப்பதற்கு முன் பத்து நிமிடம் பிள்ளையின் அருகில் அமருங்கள். "இதன் முத்திரை என்ன?" என்று கேட்பதோடு நிற்காமல், "இது இன்னும் கடையில் கிடைக்கிறதா? இதைக் கேட்பவர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்?" என்றும் கேளுங்கள். பிறர் ஒட்டிய முத்திரையைக் கொண்டு ஒரு பொருளை எடைபோடாத பழக்கம், நாளை கடைத்தெருவில் நிற்கும்போதும் அப்பிள்ளைக்குத் துணைநிற்கும்.